உப்புவெளி விடுதிக்கு எந்தத் தேடற்சொற்களைப் பின்தொடர்வது?

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் எட்டு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தும் அன்பர் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் இணையத்தளத்தைக் கவனிப்பவர் மாதந்தோறும் 50 கீவேர்ட் (தேடற்சொல்) அடங்கிய அறிக்கை ஒன்றை அனுப்புகிறார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு கூகுளில் முதலாம் அல்லது இரண்டாம் இடத்தில் இருக்கிறோம். ஆனால் தளத்தின் வழியாக நேரே வரும் முன்பதிவு கூடவில்லை. உண்மையில் எந்தச் சொற்களை வைத்து எங்கள் நிலையைப் பார்க்க வேண்டும்? எத்தனை சொற்கள் போதும்?"

அந்த அறிக்கையில் உள்ள எண்கள் சரியாகவே இருக்கலாம். யாரும் தேடாத ஒரு நீண்ட சொற்றொடருக்கு முதலிடம் பெறுவதற்குப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை. அந்தச் சொற்றொடரை அப்படியே தலைப்பாக வைத்து ஒரு பக்கத்தை எழுதிவிட்டாலே பெரும்பாலும் போதும். விடுதியின் சொந்தப் பெயருக்கு முதலிடத்தில் வருவதும் இயல்பானதே. ஆகவே "எத்தனை சொற்களுக்கு முதலிடம்?" என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, "இதன் நிலை நாளை பத்து இடம் கீழே போனால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தைத் திருத்துவேன், படகுக் கட்டணத்தைப் புதுப்பிப்பேன், வரைபடப் பதிவைச் சரிபார்ப்பேன் என்று ஏதாவது ஒரு செயல் உங்களுக்குத் தோன்றினால் அந்தச் சொல் பட்டியலில் இருக்கட்டும். ஒன்றும் செய்ய மாட்டேன் என்பதே பதிலானால், அதைப் பின்தொடர்வதில் பயனில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அதை உங்கள் விடுதிக்கு எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் கீழே விரித்து எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் 50 சொற்களைச் சோதித்துவிடலாம். கூகுள் சேர்ச் கொன்சோல் இலவசமானது. தளம் உங்களுடையது என்று ஒருமுறை உறுதிப்படுத்திவிட்டால், எந்தெந்தத் தேடலில் உங்கள் பக்கம் எத்தனை தடவை தோன்றியது, எத்தனை பேர் அதை அழுத்தினார்கள், சராசரியாக எந்த இடத்தில் இருந்தது என்ற மூன்று விவரங்களையும் அதில் காணலாம். அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். தளத்தைக் கவனிப்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அறிக்கையில் முதலிடம் என்று காட்டப்பட்ட ஒரு சொல்லுக்கு, கடந்த மூன்று மாதங்களில் எத்தனை இம்ப்ரெஷன், அதாவது எத்தனை தோற்றங்கள் பதிவாகியுள்ளன என்று பாருங்கள். உண்மையிலேயே முதலிடத்தில் இருந்து, மக்களும் அதைத் தேடியிருந்தால், தோற்றங்கள் இருந்தே ஆக வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் அந்தச் சொல்லை ஏறக்குறைய யாரும் தேடவில்லை என்று கொள்ளலாம். "ஏறக்குறைய" என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிகச் சிலரே தேடிய சொற்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதி, கூகுள் இந்த அட்டவணையில் காட்டுவதில்லை. அப்படி மறைக்கப்பட்டவை பக்கத்தின் மொத்தக் கணக்கில் மட்டும் சேரும். எனவே சொல்லைத் தேடிப் பார்ப்பதோடு நில்லாமல், அந்தச் சொல்லுக்குரிய பக்கத்தை வடிகட்டி அதற்கு எத்தனை தோற்றங்கள், எத்தனை கிளிக் என்றும் பார்த்துவிடுங்கள்.

புதிய சொற்களைத் தேடும்போது பலரும் கருவிகளில் இருந்துதான் தொடங்குவார்கள். நீங்கள் உங்கள் வாட்ஸ்அப்பில் இருந்து தொடங்குங்கள். சென்ற பருவத்தில் அறை விசாரித்து வந்த செய்திகளைப் பொறுமையாக வாசித்தால், ஒரே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும்: கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் இறங்கினால் அறைக்குள் விடுவீர்களா, புறாமலைத் தீவுக்குப் படகு உங்கள் இடத்திலிருந்தே புறப்படுமா அல்லது நிலாவெளிக்குப் போக வேண்டுமா, பிள்ளைகள் குளிக்கும் அளவுக்குக் கடல் அமைதியாக இருக்குமா, கோணேசர் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும், சைவச் சாப்பாடு கிடைக்குமா. உங்களிடம் கேட்பதற்கு முன்னர் இதே கேள்விகளைத்தான் அவர்கள் கூகுளிடம் கேட்டிருப்பார்கள். அவர்கள் எழுதிய வாக்கிய அமைப்பையும் எழுத்துக்கூட்டலையும் திருத்தாமல் அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விருந்தினர் பதிவேட்டையும் எடுத்து, யார் எந்த நாட்டிலிருந்து எந்த மாதத்தில் வந்தார்கள் என்று பாருங்கள். எந்த நாட்டில் வைத்து, எந்த மொழியில் நிலையைப் பார்க்க வேண்டும் என்ற முடிவை அந்தப் பதிவேடே சொல்லிவிடும்.

அடுத்த ஊற்று மீண்டும் சேர்ச் கொன்சோல்தான். சராசரி நிலை எட்டுக்கும் இருபதுக்கும் இடையில் நிற்கும் சொற்களை அதில் தனியே பிரித்தெடுங்கள். இவற்றுக்கு உங்கள் பக்கம் பொருத்தமானது என்று கூகுள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பார்ப்பவர் கண்ணில் படும் உயரத்துக்கு இன்னும் வரவில்லை. கொஞ்சம் உழைத்தால் நிலை மாறக்கூடிய சொற்கள் இவை என்பதால், பின்தொடர்வதற்கு இவற்றைவிடத் தகுதியானவை குறைவு. அங்கே நீங்கள் எதிர்பாராத தேடல்களும் இருக்கும். கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி ஓரமாக எழுதிய ஒரு பந்திக்கு ஆட்கள் வந்துகொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். கூகுள் தேடல் பெட்டியில் "ட்ரிங்கோமலி" என்று தட்டியதும் கீழே விரியும் பரிந்துரைகளும், முடிவுப் பக்கத்தில் வரும் தொடர்புடைய கேள்விகளும் இந்தப் பட்டியலை மேலும் வளர்க்க உதவும்.

தேடல் அளவைக் காட்டும் கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கூகுள் விளம்பரக் கணக்கில் உள்ள கீவேர்ட் பிளானர், விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்காதவர்களுக்கு 10 முதல் 100 வரை, 100 முதல் 1000 வரை என்று அகலமான வரம்புகளை மட்டுமே காட்டும்; நெருங்கிய வடிவங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். கூகுள் ட்ரெண்ட்ஸ் தருவது உண்மையான எண்ணிக்கையல்ல, உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஒப்பிடும் அளவு; தேடல் மிகக் குறைவான சொல்லுக்கு அது பூச்சியம் என்றே காட்டும். உப்புவெளி போன்ற ஒரு சிற்றூரின் சொற்கள் இரண்டிலும் அநேகமாகத் தரவு இல்லாதவையாகத் தெரியும். எட்டு அறைகளை நிரப்புவதற்கு மாதம் ஆயிரம் பேர் வர வேண்டியதில்லை. முப்பது பேர் தேடும் ஒரு சொல் அறை எடுக்கும் எண்ணத்தோடு தேடப்படுகிறதென்றால், உங்களுக்கு அதுவே பெரிய சொல்.

இனி, உங்கள் பட்டியலில் ஒன்றுகூட இருக்காது என்று நான் நினைக்கும் ஒரு வகைச் சொற்களுக்கு வருகிறேன். ஊர்ப்பெயரே இல்லாத தேடல்கள் அவை. இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மே தொடக்கம் செப்டெம்பர் வரையான காலத்தில்தான் நம்முடைய கிழக்குக் கரை தெளிந்து கிடக்கிறது. ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருகிறது. ஜேர்மனியிலோ பிரான்ஸிலோ இருந்து பிள்ளைகளோடு வர எண்ணும் ஒரு குடும்பத்துக்கு திருகோணமலை என்ற பெயரே தெரியாமல் இருக்கலாம். அவர்கள் தேடுவது "ஜூலையில் இலங்கையில் எந்தக் கடற்கரை நல்லது" என்பதைத்தான். திமிங்கிலம் பார்ப்பதும் அப்படியே. தெற்குக் கரையில் உள்ள மிரிஸ்ஸ என்ற ஊரின் பெயர் உலகறிந்தது. ஆனால் ஓகஸ்டில் இலங்கைக்கு வருபவருக்கு அங்கே படகேறுவது ஏற்ற வழியல்ல. நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் வந்து போகும் ஆழ்கடல் நமது கரைக்கு அண்மையிலேயே இருக்கிறது. "இலங்கையில் ஓகஸ்டில் திமிங்கிலம் பார்க்க எங்கே போவது" என்று ஒருவர் கேட்டால், அதற்கு நேர்மையான விடை இந்த ஊர்தான்.

இத்தகைய தேடல்களில் பெரிய பயண இதழ்களும் சஞ்சிகைகளும் போட்டிக்கு நிற்பது உண்மை. இருந்தாலும் கேள்வி குறுகக் குறுக இடம் கிடைக்கும். "இலங்கை கடற்கரைகள்" என்பதில் உங்களால் நுழைய முடியாது. "ஜூலையில் பிள்ளைகளோடு நீந்தக்கூடிய இலங்கைக் கடற்கரை" என்பதில், அன்றாடம் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் மாதவாரியாக அலை, காற்று, நீரின் தெளிவு என்று எழுதும் பக்கத்துக்கு உண்மையான வாய்ப்பு உண்டு. மூன்று நான்கு சொற்களை இந்த வகையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் நிலை மெதுவாகத்தான் மாறும். முன்பதிவும் உடனே வராது. ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே உங்கள் பெயர் ஒருவர் கண்ணில் படுவது, பின்னர் விடுதியைத் தேடும் கட்டத்தில் கைகொடுக்கும்.

எல்லாரும் ஆசைப்படும் சொல் "ட்ரிங்கோமலி ஹோட்டல்ஸ்". அதைத் தேடி வரும் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முதலில் விளம்பரங்கள், பிறகு வரைபடத்தோடு சில விடுதிகள், அதன் கீழே புக்கிங் டொட் கொம், அகோடா, ட்ரிப் அட்வைசர் போன்ற பெருந்தளங்கள். ஒரு தனி விடுதியின் சொந்தத் தளத்துக்கு அங்கே இருக்கும் இடம் மிகச் சிறியது. ஆகவே இந்தச் சொல்லுக்குச் சாதாரண முடிவுகளில் உங்கள் நிலை என்ன என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வரைபடத்துக்குள் வருகிறீர்களா என்று பாருங்கள். வரைபட முடிவுகள் மூன்றை வைத்துத் தீர்மானிக்கப்படுவதாக கூகுளே சொல்கிறது: தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், இடத்தின் பிரபலம். தூரம் ஒரு காரணியாக இருப்பதால், உப்புவெளிக் கடற்கரையில் நின்று தேடுபவருக்கும், திருகோணமலைப் பஸ் நிலையத்தில் நின்று தேடுபவருக்கும், கொழும்பில் இருந்து தேடுபவருக்கும் வரிசை வேறுபடும். வரைபட நிலையை இந்த மூன்று இடங்களுக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரைத் தவறாகத் தட்டினாலும் கூகுள் பெரும்பாலும் சரியாகப் புரிந்துகொள்ளும். முழுப்பெயரில் ஒன்று, உள்நாட்டவர் பழகிய "ட்ரிங்கோ" என்ற சுருக்கத்தில் ஒன்று என்று இரண்டு வடிவங்களை வைத்தால் போதும். தமிழில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. நமக்குத் திருமலை என்றால் இந்த ஊர்தான். ஆனால் "திருமலை தங்குமிடம்" என்று தேடுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் திருப்பதிக்குப் போகிறவர்கள். அந்தச் சொல்லுக்கு உங்கள் நிலை ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. திருகோணமலை, கோணேஸ்வரம், நிலாவெளி, உப்புவெளி ஆகிய பெயர்களோடு சேர்ந்த சொற்களையே தமிழில் எடுங்கள். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் என்பதால் தமிழ்நாட்டிலிருந்தும், கனடா, பிரித்தானியா, சுவிஸ் போன்ற நாடுகளில் வாழும் நம்மவரிடமிருந்தும் கோயிலை முன்னிட்டு வருபவர்கள் உண்டு. "கோணேஸ்வரம் அருகே தங்குமிடம்" போன்ற தேடலில் தமிழில் எழுதப்பட்ட நல்ல பக்கங்கள் குறைவு. சிங்களத் தேடல்களும் அப்படியே கவனிக்க வேண்டியவை. பாடசாலை விடுமுறையிலும் போயா தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதிகளிலும் தெற்கிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. ஆனால் தளத்தில் ஒரு சிங்களப் பக்கமும் இல்லாத நிலையில் சிங்களச் சொல்லின் நிலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலில் பக்கத்தை எழுதுவித்துவிட்டு, பிறகு சொல்லைச் சேருங்கள்.

இதே விதி எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதற்குப் பொறுப்பான பக்கம் எது என்று எழுதுங்கள். புறாமலையை எடுத்துக்கொள்வோம். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுக்குப் போகிறவர் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டைப் பெற வேண்டும், படகுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், நீருக்குள் பார்க்க உதவும் முகமூடியும் துடுப்புக் காலணியும் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆகவே "புறாமலை படகுக் கட்டணம்" என்று தேடுபவர் பயணத்தை ஏறக்குறைய முடிவு செய்தவர். "புறாமலை எங்கே இருக்கிறது" என்று தேடுபவர் இன்னும் யோசிப்பவர். முதலாமவருக்குக் கட்டண விவரமும் தொடர்பு இலக்கமும் உள்ள பக்கம் வேண்டும். இரண்டாமவருக்கு வழிகாட்டிப் பக்கம். ஒரே சொல்லுக்கு உங்கள் இரண்டு பக்கங்கள் மாறி மாறித் தோன்றினால், நிலை வாரத்துக்கு வாரம் ஏறியிறங்கும். நிலையோடு சேர்த்துத் தோன்றிய பக்கத்தின் முகவரியையும் பதிவு செய்யும் கருவி என்றால் இதை உடனே பிடித்துவிடலாம். இரண்டையும் ஒன்றாக்குவதா, பிரித்து எழுதுவதா என்பதை அப்போது தீர்மானிக்கலாம்.

எந்தச் சொல் முன்பதிவைக் கொண்டுவந்தது என்று, தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் நேரே பார்க்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் முடிந்தது. 2011 ஒக்டோபரில், கணக்கில் உள்நுழைந்து தேடுபவர்களின் சொற்களை கூகுள் மறைக்கத் தொடங்கியது. 2013இல் ஏறக்குறைய எல்லாத் தேடல்களுக்கும் அதை விரிவாக்கியது. அன்றிலிருந்து சொல்லையும் முன்பதிவையும் இணைக்கும் பாலம் பக்கம்தான். எந்தப் பக்கத்தில் வந்து இறங்கியவர் வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தினார் என்று அனலிட்டிக்ஸ் சொல்லும். அந்தப் பக்கத்துக்கு எந்தச் சொற்கள் ஆட்களைக் கொண்டுவருகின்றன என்று சேர்ச் கொன்சோல் சொல்லும். சொல்லுக்கு எதிரே பக்கத்தை எழுதச் சொன்னதன் முக்கியமான காரணம் இதுவே.

அளக்கும் முறையில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, உங்கள் கைத்தொலைபேசியில் நீங்களே தேடிப் பார்ப்பது. நீங்கள் அடிக்கடி போகும் தளம் உங்களுடையதே. நிற்கும் இடமும் விடுதி வாசல். மறைநிலைச் சாளரத்தில் தேடினாலும் இருக்கும் இடத்தைக் கூகுள் அறியும் என்பதால் அதுவும் முழுத் தீர்வல்ல. இரண்டாவது, சராசரி நிலையை அப்படியே நம்புவது. ஒரு சொல்லுக்கு நீங்கள் இலங்கையில் 90 தடவை நான்காம் இடத்திலும், ஜேர்மனியில் 10 தடவை 44ஆம் இடத்திலும் தோன்றியதாக வையுங்கள். சராசரி நிலை 8 என்று காட்டும். அந்த எட்டாம் இடத்தில் உங்களை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதம் ஜேர்மனியில் தோற்றங்கள் இன்னும் கூடினால், உண்மையில் அது நல்ல செய்தியாக இருந்தும், சராசரி மோசமானதாகத் தெரியும். எனவே நாடுவாரியாக வடிகட்டி, கைத்தொலைபேசியையும் கணினியையும் பிரித்துப் பாருங்கள். நிலை பார்க்கும் கருவியிலும் நாடு, நகரம், மொழி, சாதனம் ஆகியவற்றை ஒருமுறை தீர்மானித்துவிட்டு இடையில் மாற்றாதீர்கள்.

வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு வாரத்து ஏற்ற இறக்கத்துக்காகப் பக்கத்தில் கைவைக்க வேண்டாம்; நான்கு வாரங்கள் ஒரே திசையில் போனால் மட்டும் விசாரியுங்கள். நம்முடையது பருவத் தொழில் என்பதால், ஜூலையை ஜூனோடு ஒப்பிடுவதைவிடச் சென்ற ஆண்டு ஜூலையோடு ஒப்பிடுவதே சரி. நவம்பர் தொடக்கம் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தோற்றங்கள் குறைந்தால், நிலை மாறாதிருக்கும்வரை அதைப் பிரச்சினையாகக் கொள்ள வேண்டியதில்லை. சேர்ச் கொன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், மாத முடிவில் அதைத் தரவிறக்கிச் சேமித்து வையுங்கள். பழைய அறிக்கைகளைப் பார்க்கும்போது 2025 செப்டெம்பரையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டச் செய்யும் வசதியைக் கூகுள் அப்போது நிறுத்தியது. நிலை பார்க்கும் கருவிகள் பல அதைத்தான் நம்பியிருந்தன. அந்தக் கருவிகளால் ஏற்பட்ட தோற்றங்கள் மறைந்ததால், பல தளங்களுக்கு இம்ப்ரெஷன் திடீரென்று குறைந்து, சராசரி நிலை உயர்ந்ததாகத் தெரிந்தது. அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எத்தனை சொற்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அளவிலான விடுதிக்கு இருபத்தைந்து முதல் முப்பது வரை போதும் என்பது என் கருத்து. அவற்றில் தங்குமிடத்துக்கும் படகுப் பயணத்துக்கும் பாதிக்கு மேல் இடம் கொடுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத பருவகாலச் சொற்கள் நான்கு, கோயிலையும் கன்னியாவையும் ஒட்டியவை நான்கைந்து, போக்குவரத்தைப் பற்றியவை இரண்டு மூன்று. விடுதியின் சொந்தப் பெயரைக் கட்டாயம் பின்தொடருங்கள், ஆனால் தனி அட்டவணையில். அதற்கு முதலிடத்தில் வேறொரு முன்பதிவுத் தளம் வந்து உட்கார்ந்தால், உங்களைத் தேடி வந்தவருக்கே கொமிஷன் கொடுக்க நேரும் என்பதால் அதை அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரு தடவை, பருவம் தொடங்குமுன் பெப்ரவரியிலும், முடிந்தபின் ஒக்டோபரிலும், பட்டியலைத் திருத்துங்கள். நீக்கும் சொல்லை அழிக்காமல் வேறொரு தாளுக்கு மாற்றி, நீக்கிய நாளையும் காரணத்தையும் குறியுங்கள். நிலை குறைந்த சொற்களை அமைதியாக எடுத்துவிட்டு நிலை உயர்ந்தவற்றைச் சேர்த்தால் அறிக்கை எப்போதும் அழகாகவே இருக்கும். அதனால்தான் இந்தக் குறிப்பு அவசியமாகிறது.

உங்கள் தளத்தைக் கவனிப்பவரோடு முறித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சொல் வேண்டும் என்று நீங்கள் சொல்லாதபோது அவர் தமக்குத் தெரிந்ததைத் தேர்ந்திருக்கலாம். அடுத்த மாத அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே நாடு, சாதனம், தோன்றிய பக்கத்தின் முகவரி, சேர்ச் கொன்சோலில் உள்ள தோற்றம், கிளிக், சென்ற ஆண்டு இதே மாதத்து நிலை ஆகியவற்றைச் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். இப்போதுள்ள 50இல் தோற்றமே இல்லாதவற்றை முதலில் நீக்கிவிட்டு, வாட்ஸ்அப்பில் இருந்து நீங்கள் குறித்த கேள்விகளை அந்த இடத்தில் வையுங்கள். பருவம் தொடங்க மூன்று மாதமாவது இருக்கும்போது இதைச் செய்தால், மே மாதத்துக்குள் அவற்றுக்குரிய பக்கங்களை எழுதி முடிக்க உங்களுக்கு நேரம் இருக்கும்.